அரை விரல் குறைவு

ஜூன் 2, திங்கள்

மயிலா இன்று மெஷின் முன் உட்கார்ந்தாள். பிப்ரவரியில் பக்கவாதம் வந்ததற்குப் பிறகு இதுதான் முதல் தடவை. கால் சீக்கிரம் தேறிவிட்டது. வலது கைதான் இன்னும் பாதி அவள் பேச்சைக் கேட்கிறது, பாதி கேட்பதில்லை. “தெரிஞ்ச வேலையச் செய்யவிடுங்க சார், அதவிட நல்ல பயிற்சி இல்ல” என்று பிசியோதெரபி செய்கிற பெண் சொன்னாள்.

தெரிந்த வேலை என்றால் அவளுக்கு ஓவர்லாக்தான். திருப்பூரில் ஓவர்லாக் மெஷின் சத்தம் கேட்காத தெரு கிடையாது, ஆனால் அதெல்லாம் பனியன் ஓரம் அடிப்பது. இவள் செய்வது வேறு. பச்சைக் குழந்தைகளுக்கான மெத்தென்ற போர்வைக்குத் தடித்த, பளபளக்கும் நூலால் ஓரம் கட்டுவாள். கையால் பின்னியது போலிருக்கும். பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் குழந்தைச் சாமான் கடை வைத்திருக்கும் ஹேமலதா, இவளுக்கு முடியாமல் போவதற்கு முன்பே இருபது போர்வை கேட்டிருந்தாள். துணி அலமாரியிலேயே கிடந்தது.

வலது கையால் நூல் கோக்க முடியவில்லை. என்னைக் கூப்பிட்டாள்.

“உங்களுக்குக் கோக்கத் தெரியுமாங்க?”

“முப்பத்து நாலு வருசம் கணக்குச் சொல்லிக் குடுத்தவனுக்கு ஒரு நூல் கோக்கத் தெரியாதா?”

“தெரியாது” என்றாள். சரியாகத்தான் சொன்னாள்.

நான் தடித்த நூலை எடுத்துக்கொண்டு ஊசிக்குப் போனேன். சிரித்துவிட்டாள். சாதாரண நூல்தான் ஊசிக்கு. தடித்தது மேல் லூப்பருக்கு. ஊசி துணியைக் குத்திக்கொண்டு கீழே போகும், லூப்பர் என்ற வளைந்த கம்பி ஓரத்தைச் சுற்றி நூலை வளைத்துப் போடும். வகுப்பாக இருந்தால் இப்படிச் சொல்லியிருப்பேன்: ஊசி கதவைத் திறந்துகொண்டு வீட்டுக்குள் வந்துபோகிறவர். மேல் லூப்பர் வாசலில் நின்று பேசிவிட்டுப் போகிற விருந்தாளி. விருந்தாளி எவ்வளவு குண்டாக இருந்தாலும் கதவில் இடிக்காது.

லூப்பர் ஓட்டைக்குள்ளும் அந்த நூல் நேராக நுழையாது. மெல்லிய நூலை மடித்து முதலில் அதை விட்டு, அதன் வளையத்துக்குள் தடித்ததை மாட்டி இழுக்க வேண்டும். இழுத்தேன். வந்தது. பையன்கள் கணக்கு வந்துவிட்டால் ஒரு பார்வை பார்ப்பார்களே, அந்தப் பார்வையோடு நிமிர்ந்தேன் போலிருக்கிறது.

“போதும், போதும். டென்ஷன் திருகைத் தளர்த்துங்க. தடிச்ச நூலு மூச்சு விடோணும்.”

ஜூன் 3, செவ்வாய்

முதல் போர்வை தைத்தாள். இடது கை துணியைத் தள்ளுகிறது. வலது கை ஓரத்தைத் தாங்க வேண்டும், தாங்கவில்லை. ஓரம் அலை அலையாக வந்தது. சில இடத்தில் நூல் துணியைப் பிடிக்காமல் வெளியே வளையமாகத் தொங்கியது. அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ஆவி காட்டினா சரியாயிரும்” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. இஸ்திரிப் பெட்டியில் நீராவி விட்டால் ஓரம் கொஞ்சம் படியும் என்று அவளே முன்பு சொல்லியிருக்கிறாள்.

“இதெல்லாம் ஆவிக்கு அடங்குமாங்க?”

“எங்கிட்ட விடு. நீ தெச்சாப் போதும். நுனி நூலைச் செருகறது, ஆவி காட்டறது, மடிச்சு வெக்கறது எல்லாம் இனிமே என் வேலை.”

ஜூன் 4, புதன்

திங்கள், புதன், வெள்ளி காலையில் அவள் தங்கை சரோஜினி ஆட்டோவில் வந்து அவளைப் பயிற்சிக்கு அழைத்துப்போகிறாள். அவர்கள் போனதும் ஆவி காட்டினேன். அடங்கவில்லை.

அதனால் பிரித்தேன்.

ஓவர்லாக் தையலைப் பிரிப்பது இவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியாது. ஊசி நூல் ஒன்றை உருவினால் போதும், மற்றதெல்லாம் கையோடு வந்துவிடுகிறது. திரும்பத் தைத்ததுதான் கஷ்டம். முதலில் பழைய துணித் துண்டுகளில் ஓட்டிப் பார்த்தேன். ஒரு ஊசி உடைந்தது. உருண்டை வைத்திருந்த கூடைக்குள் நூல் சிக்கி, இறுகி, துணியைச் சுருட்டிக்கொண்டது. உருண்டையை எடுத்துத் தரையில் தாராளமாக அவிழ்த்து விட்டேன், சரியானது. சக்கரத்தைக் கையால் சுற்றி நாலைந்து தையல், பிறகு பெடலை மெதுவாக மிதித்தேன். கொஞ்சம் கோணல்தான், ஆனாலும் அலை இல்லை.

மயிலா வந்ததும் எடுத்துப் பார்த்தாள். விரலால் ஓரத்தைத் தடவினாள். வலது கை விரலால்.

“ஆவிக்கே இப்படி ஆயிருச்சா?”

“ஆயிருச்சு பாரு.”

மதியம் இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

ஒரே ஒரு தடவைதான். அவளுக்குக் கை பழகும்வரை.

ஜூன் 9, திங்கள்

இரண்டு பிரித்துத் தைத்தேன்.

ஜூன் 13, வெள்ளி

ஹேமலதா வந்து முதல் மூன்றை வாங்கிக்கொண்டு போனாள். ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள்.

“ஆண்ட்டி, நெசமா சொல்றேன், முன்னைக்கு இப்பத்தான் நல்லா இருக்குது. உங்களுக்கு ஒடம்பு சரியில்லைன்னு யாரு சொன்னா?”

மயிலா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். “அட போ கண்ணு. எல்லாம் உங்க சார் ஆவி காட்டறதுல இருக்குது.”

“சார், எங்க கடைக்கும் வந்து ஆவி காட்டுங்க சார்!”

மூன்று பேரும் சிரித்தோம். ஒரு பையனின் நோட்டில் நானே விடை எழுதி, அதற்கு நானே சரி போட்டது மாதிரி இருந்தது. ஆனால் அந்தப் பையன் அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தான் என்றால் ஆசிரியர் என்ன செய்வார்?

இதை ஒரு கேள்வியாக எழுதி வைக்கிறேன். பதில் பிறகு.

ஜூன் 18, புதன்

வெந்நீர் போட்டேன். கீரை ஆய்ந்தேன். கேஸ் வந்தது. மூன்று போர்வை.

இப்போது மூலை வளைவுகள் எனக்கு நன்றாக வருகின்றன. வளைவில், துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷின் பாதத்தை ஒட்டித் திருப்பக்கூடாது, வருகிற வளைவை முன்கூட்டியே பார்த்து மெல்லக் கொண்டுவர வேண்டும். சைக்கிள் ஓட்டுகிறவன் முன்சக்கரத்தைப் பார்க்காமல் தெருவைப் பார்ப்பது போல. துணிக்கு ஏற்ற நூல் நிறமும் நானே கடையில் பார்த்து வாங்கி வந்தேன். இளஞ்சிவப்புக்கு வெள்ளி கலந்த சாம்பல் நிறம் எடுப்பாக இருக்கிறது.

பிரித்த ஓரம் பிசிறாக இருக்கும். மெஷினில் ஊசிக்குப் பக்கத்திலேயே ஒரு கத்தி உண்டு. ஓரத்தை அதில் கொஞ்சம் கொடுத்துவிட்டால் பழைய ஊசிக்குத்துகளோடு சேர்த்து வெட்டித் தள்ளிவிடுகிறது. எவ்வளவு சுத்தம்!

அவளைக் கொண்டுவந்து விட்ட சரோஜினி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “என்ன மாமா, சட்டையெல்லாம் பஞ்சு? பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போறீங்களா?”

“மெஷினத் தொடச்சேன்.”

“எங்கூட்டுக்காரர் சைக்கிளக்கூடத் தொடக்க மாட்டாரு. அக்கா, நீ குடுத்து வெச்சவ.”

ஜூன் 24, செவ்வாய்

மயிலா தைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முன்பெல்லாம் ஓரம் முழுவதும் அலை. இப்போது ஆரம்பத்திலும் மூலையிலும் மட்டும். வலது கை கட்டைவிரல் துணியின் நுனியைப் பிடிக்கிறது. அவள் நாக்கை உதட்டோரம் கடித்துக்கொண்டு தைத்தாள். பேசினால் கவனம் கலையும் என்று நான் மூச்சைக்கூட மெல்ல விட்டேன்.

ஜூன் 29, ஞாயிறு

மஞ்சள் துணி ஒன்று தைத்தாள். முடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். “ஏனுங்க, காபி போட்டுத் தாரீங்களா?” என்றாள். அவள் காபி கேட்பது அபூர்வம்.

ஜூன் 30, திங்கள்

மூன்று போர்வை. மஞ்சளும் அதில் ஒன்று. அது ஏறக்குறைய நேராகத்தான் இருந்தது. இருந்தாலும் மற்றவற்றோடு சேர்த்து வைத்தால் ஒரே மாதிரி இருக்க வேண்டுமே என்று பிரித்தேன். ஊசி நூலை உருவிய பிறகுதான் உற்றுப் பார்த்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

ஜூலை 1, செவ்வாய்

மஞ்சளைப் பிரித்திருக்க வேண்டாமோ.

ஜூலை 2, புதன்

ஹேமலதா போன் செய்தாள். கடையில் புது ஓவர்லாக் வாங்கியிருக்கிறார்களாம். இரண்டு பெண்கள் இருக்கிறார்கள், தடித்த நூல் போட்டு ஓரம் கட்ட அவர்களுக்கு வரவில்லை. “ஆண்ட்டி ஒரு மணி நேரம் வந்து தெச்சுக் காட்டினாப் போதும் சார். சனிக்கிழமை கார் அனுப்பறேன்.”

“அவளுக்கு அலைச்சல்மா. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்” என்றேன்.

மயிலா போனை என் கையிலிருந்து வாங்கினாள். “வரேன் கண்ணு” என்றாள்.

ஜூலை 4, வெள்ளி

பீரோவிலிருந்து மாம்பழக் கலர் சேலையை எடுத்து வைத்தாள். நான் சொல்ல நினைத்தேன். காலையில் நினைத்தேன். மதியமும் நினைத்தேன். “தடுமன் புடிக்கற மாதிரி இருக்குதே உனக்கு, நாளைக்குப் போகோணுமா?” என்றுதான் வாயில் வந்தது.

“எனக்கு ஒண்ணுமில்லீங்க. உங்களுக்குத்தான் மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது.”

ஜூலை 5, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மெஷின் புதுசு. பெடல் லேசாகத் தொட்டாலே பறக்கிறது. இரண்டு பெண்களும் ஹேமலதாவும் சுற்றி நின்றார்கள். மயிலா எல்லாவற்றையும் அழகாகச் சொன்னாள், எந்த நூல் எங்கே, திருகு எவ்வளவு, கையால் சக்கரம் சுற்றுவது, எல்லாம். அந்தப் பெண்கள் தலையாட்டினார்கள். பிறகு தைத்தாள். எல்லாரும் பார்க்கிறார்கள் என்ற பயமும் சேர்ந்துகொண்டது. வலது கை நழுவியது. ஓரம் அலையாக வந்தது, ஓரிடத்தில் கத்தி துணியை உள்ளே வாங்கிக் கடித்துவிட்டது.

அந்தப் பெண்களின் பார்வை துணியிலேயே இருந்தது.

மயிலாதான் பேசினாள், சிரித்த முகமாக. “இதப் பாத்துப் பயந்துக்காதீங்க கண்ணு. ஆவி காட்டினா எல்லாம் படிஞ்சிரும். எங்கூட்ல அப்படித்தான். காட்டுங்க பாக்கலாம்.”

ஒரு பெண் இஸ்திரிப் பெட்டியை எடுத்து வந்து ஆவி விட்டாள். மயிலா குனிந்து பார்த்தாள். “இன்னும் கொஞ்சம் விடு.” விட்டாள். “இன்னும்.” ஆவி புஸ்ஸென்று வந்துகொண்டேயிருந்தது. அலை அப்படியே இருந்தது. அந்தப் பெண் ஹேமலதாவைப் பார்த்தாள். ஹேமலதா என்னைப் பார்த்தாள்.

“பெட்டி சின்னது” என்றேன் நான். “அதுல ஆவி பத்தாது.”

காரில் வரும்போது மயிலா மடியில் வலது கையை வைத்து, இடது கையால் அதைப் பிசைந்துகொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்ததும், “பெட்டியில்லீங்க” என்றாள். “நேத்துவரைக்கும் நல்லா இருந்த கை இன்னைக்கு இப்படிப் போகுதுன்னா என்ன அர்த்தம்? மறுபடியும் வருதுங்க. ரெண்டாவது தடவ வந்தா எந்திரிக்க முடியாதுன்னு டாக்டர் சொன்னாரல்ல?”

அப்போது சொல்லியிருக்கலாம். ஒரே வாக்கியம். நேற்றுவரை உன் கை அவ்வளவு நன்றாக இருக்கவில்லை, இன்று அவ்வளவு மோசமாகவும் ஆகவில்லை என்று. அதில் அவள் பயம் போயிருக்கும். நான் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

மெஷின் பக்கம் போகவில்லை. கையை விரித்து மூடி, விரித்து மூடிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று கேட்டாள். “எடுக்கலாம்” என்றேன்.

“எடுக்கலாம்” என்றேன்! தேவையில்லாத ஸ்கேனுக்கு.

ஜூலை 7, திங்கள்

பயிற்சிக்குப் போக மாட்டேன் என்றுவிட்டாள். சரோஜினி அரை மணி நேரம் கெஞ்சிவிட்டுப் போனாள். “மாமா, நீங்க சொன்னாக் கேப்பா, சொல்லுங்க” என்று வாசலில் நின்று அழுதாள். நான் ஆட்டோ போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

ஹேமலதா ஒரு போர்வையைத் திருப்பி அனுப்பியிருந்தாள். யாரோ வாங்குகிறவர்கள் மூலையில் குழந்தையின் பெயரை எம்பிராய்டரி செய்து கேட்கிறார்களாம். ஆள் வந்தபோது நான் ரேஷன் கடையில் இருந்தேன்.

திரும்பி வந்தபோது மயிலா வெட்டு மேசை முன் நின்றிருந்தாள். துணி வெட்டும்போது அளவுக்கு வைக்கிற கனமான அட்டை ஒன்று உண்டு, மேசையில் அதைப் போட்டிருந்தாள். அதன் மேல் அந்தப் போர்வை. அட்டை நாலு பக்கமும் வெளியே தெரிந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் அரை விரல் அளவு.

“பேரு எங்க போடறதுன்னு பாக்கலாம்னு விரிச்சேன்” என்றாள். “நான் வெட்டினது இந்த அட்டைக்குச் சரியா. தெச்சா ஒரு நூலளவு குறையும். இது ஏன் இவ்ளோ சின்னதா இருக்குது?”

“தொவைச்சிருப்பாங்க. சுருங்கியிருக்கும்.”

“கடையில இருந்து வந்ததுங்க. யாரு தொவைச்சாங்க? தொவைச்சாலும் இந்தத் துணி சுருங்காது.”

முப்பத்து நாலு வருடம் பரப்பளவு நடத்தியிருக்கிறேன். ஒரு செவ்வகத்தின் நாலு பக்கமும் கொஞ்சம் குறைத்தால் என்ன மிஞ்சும் என்று எத்தனை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். கத்தி ஒவ்வொரு தடவையும் ஒரு சிறு நாடாவை வெட்டிக் கீழே தள்ளியதைப் பார்த்தேன், பெருக்கிக் குப்பையில் போட்டேன், போர்வை சிறுக்கிறது என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

அலமாரியில் மீதி இருந்தவற்றையும் எடுத்து அட்டை மேல் வைத்தாள். ஒன்றை எடுத்து மடிப்பாள், அடுத்ததை விரிப்பாள். நான் நின்றுகொண்டிருந்தேன்.

“எல்லாத்தையும் பிரிச்சுத் தெச்சீங்களா?”

“ஆமா.”

“மொதல்ல இருந்தா?”

“மொதல்ல இருந்து.”

உட்கார்ந்தாள். நான் எதிர்பார்த்த மாதிரி சத்தம் போடவில்லை.

“நான் தேறிட்டேன்னு ஹேமா சொன்னா, சரோஜினி சொன்னா. அக்கம்பக்கம் எல்லாம் சொன்னாங்க. அது உங்க கையப் பாத்து சொன்னதுங்களா?”

“நீ மனசு விட்டுருவேன்னு பயந்துட்டேன் மயிலா.”

“சரி. எனக்காகத்தான் செஞ்சீங்க.” பிறகு கேட்டாள். “அந்த மஞ்சத் துணி. அதத் தெச்சப்ப எனக்கே தெரிஞ்சுது, நல்லா வந்துருக்குதுன்னு. காபி கேட்டேனே. அதையும் பிரிச்சீங்களா?”

நான் தலையாட்டினேன்.

“அதை யாருக்காகப் பிரிச்சீங்க?”

எனக்கு மூலை நன்றாக வர ஆரம்பித்திருந்தது. ஹேமலதா புகழ்கிறபோது அது எனக்குத்தான் என்று எனக்குத் தெரிந்திருந்தது. இதை அவளிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன். அவளுக்குத் தெரியாமலும் இருக்காது.

ஜூலை 9, புதன்

பேசவில்லை. ஆனால் சரோஜினியோடு பயிற்சிக்குப் போனாள். ஸ்கேன் வேண்டாம் என்று அவளாகவே சரோஜினியிடம் சொன்னது காதில் விழுந்தது.

வீட்டில் தனியாக இருந்தேன். மெஷின் அறைக் கதவைச் சாத்தினேன்.

ஜூலை 10, வியாழன்

காலையில் இட்லித் தட்டை என் முன் வைத்துவிட்டு, “ஹேமாகிட்டச் சொல்லிருங்க” என்றாள். இரண்டு நாளுக்குப் பிறகு பேசியது அது ஒன்றுதான்.

“போன்ல சொல்லட்டுமா?”

“நேர்ல.”

ஜூலை 11, வெள்ளி

சொன்னேன். கல்லாவுக்குப் பின்னால் நின்று ஹேமலதா கேட்டாள். கோபித்துக்கொள்வாள், போர்வைகள் அளவு குறைந்ததற்கு ஏதாவது சொல்வாள் என்று நினைத்திருந்தேன். அவள் கேட்டது வேறு.

“அப்ப ஆண்ட்டி தெச்சது ஒண்ணுகூட எங்கடைக்கு வரவே இல்லீங்களா சார்?”

“இல்லம்மா.”

“அன்னைக்கு எல்லாரு முன்னாலயும் ஆவி காட்டச் சொன்னாங்க. நீங்க பக்கத்துலதான சார் நின்னீங்க?” சின்னப் பெண், என் பழைய மாணவிகள் வயதுதான் இருக்கும். “மீதி போர்வைய ஆண்ட்டி எப்படித் தெச்சாலும் அப்படியே குடுங்க. அலையா இருந்தா அலைன்னு சொல்லி விக்கறேன். நீங்க தொடாதீங்க.”

சரி என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸில் வந்தேன். மயிலாவிடம் அவள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன், கடைசி வாக்கியம் உட்பட.

ஜூலை 12, சனி

மத்தியானம் மெஷின் அறைக்குள் போனாள். பச்சைத் துணி. நான் கூடத்தில் உட்கார்ந்து பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டேன், ஒரு வரியும் படிக்கவில்லை. மெஷின் ஓடியது, நின்றது, ஓடியது. வெகு நேரம்.

“இங்க வாங்க.”

போனேன். போர்வையை என் கையில் கொடுத்தாள்.

“நல்லாருக்குதான்னு கேக்கல. எப்படி இருக்குதுன்னு சொல்லுங்க.”

ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். நான்கு பக்கத்தையும் முழுக்கப் பார்த்தேன், பிரிப்பதற்கு முன் ஒருநாளும் பார்க்காத மாதிரி.

“ரெண்டு பக்கம் நேரா இருக்குது. மூணாவது பக்கத்துல நடுவுல அலை. கடைசி மூலையில நூல் துணியப் புடிக்கல, வெளிய தொங்குது.”

“மார்க்கு?”

“மயிலா…”

“வாத்தியார்தானே நீங்க? போடுங்க.”

“அறுபது.”

தலையை ஆட்டினாள். கையை நீட்டிப் போர்வையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். தொங்குகிற வளையத்தை விரலால் சுண்டிப் பார்த்தாள்.

“அந்த மஞ்சள் எவ்வளவு இருந்துச்சு?”

அதை அவள் ஒரு நாள்தான் பார்த்தாள். கடைசியாகப் பார்த்தவன் நான். ஐம்பது, ஐம்பத்தைந்து என்று சொல்லியிருந்தால் நான் செய்தது அவ்வளவு பெரிய தப்பில்லை என்று ஆகியிருக்கும். அவளுக்கும் இழந்தது கொஞ்சம்தான் என்று தோன்றியிருக்கும்.

“எண்பது” என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. பச்சைத் துணியை மடியில் வைத்து மடித்தாள், வலது கையாலும் சேர்த்து.

“நானும் அத்தனைதான் நெனச்சேன்” என்றாள்.